விழாவும் வேண்டும்; ஊரும் வேண்டும்!

பத்தாம் வகுப்பு மாணவி

மனிதர் கூடி மகிழ்வதற்கே விழாக்கள் தோன்றின. தீபாவளி, கிறிஸ்து பிறப்பு, ரம்ஜான், பொங்கல் என்று எந்தப் பண்டிகையை எடுத்துக்கொண்டாலும், உற்றார் உறவினர் ஒன்றுகூடி, இருப்பதைப் பகிர்ந்து உண்பதே அதன் உயிர்நாடி. ஆனால் விருந்து முடிந்து விருந்தினர் விடைபெற்றுச் சென்றபின் தெருமுனையில் குவிந்து கிடப்பவற்றைப் பார்த்தால், மகிழ்ந்தது மனிதர், துன்புறுவது மண் என்றே சொல்லத் தோன்றுகிறது. இதற்காக விழாவையே விட்டுவிடலாமா? கூடாது. கொண்டாடும் முறையை மாற்றலாமா? கட்டாயம் மாற்றலாம் என்பதே எங்கள் கருத்து.

சுற்றுச்சூழல் என்ற பேச்சை எடுத்தவுடன் வெளியூரார் முதலில் சுட்டிக்காட்டுவது பட்டாசைத்தான். "பட்டாசை விட்டொழியுங்கள், பண்டிகை தூய்மையாகிவிடும்" என்று சொல்வது எளிது. திருத்தங்கலில் வாழும் நாம் அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியுமா? 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். வானம் பார்த்த இந்த வறண்ட பூமிக்கு அத்தொழிலும், அதன் வழிவந்த பட்டாசும், அச்சுத் தொழிலும்தான் சோறு போட்டன. நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் தோழியர் பலரின் பள்ளிக் கட்டணமும் சீருடையும் அந்த உழைப்பில் வந்தவையே. 2018-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பின் இப்பகுதி ஆலைகள் மூடப்பட்டுச் சில மாதங்கள் திறக்கப்படாமல் இருந்தபோது, அடுப்பு எரியாத வீடுகள் எந்த ஊரில் இருந்தன? அறிவுரை சொன்னவர்களின் ஊரில் அல்லவே!

ஆயினும், புகை தீங்கற்றது என்று வாதாட நாங்கள் முன்வரவில்லை. உச்ச நீதிமன்றம் 23.10.2018 அன்று அளித்த தீர்ப்பில் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்தது. வெடிக்கும் நேரத்தையும் வரையறுத்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்கு 11.55 மணி முதல் 12.30 மணி வரை என்பது அத்தீர்ப்பு வகுத்த நேரம். நடுச்சாமத் திருப்பலிக்குச் செல்லும் நமக்கு அந்த நேரம் போதாதா? பச்சை ஒளிக்காகச் சேர்க்கப்பட்ட பேரியம் நைட்ரேட், வெடிப்பவர் மூச்சில் புகுமுன்பே அதைக் கையால் அளந்து கலப்பவர் மூச்சில் புகுந்துவிடுகிறது. எனவே இந்தத் தடை தொழிலாளரையும் காப்பதாகும். துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையும்படி நாகபுரியில் உள்ள 'நீரி' ஆய்வு நிலையம் பசுமைப் பட்டாசுக்கு வழிமுறை கண்டுள்ளது. அவற்றை வாங்கி, அளவாக, உரிய நேரத்தில் வெடித்தால் தொழிலும் பிழைக்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் நிம்மதியாய் உறங்கும்.

தாமாகவே முன்வந்து பட்டாசைத் துறந்த ஊரும் நம் தமிழகத்தில் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகே உள்ளது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977-ஆம் ஆண்டில் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புத்தாடையும் பலகாரமும் அவ்வூரில் குறைவதில்லை. விருந்தாளியாக வந்த பறவைக்காக ஓர் ஊரே அமைதி காக்கும் என்றால், விருந்தோம்பல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேறு உண்டோ?

இனி நம் வீட்டு விருந்துக்கு வருவோம். பட்டாசுப் புகை சில மணி நேரத்தில் கண்ணுக்கு மறைந்துவிடும். நாம் தண்ணீர் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் டம்ளரோ நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கண்மாய்க் கரையில் கிடக்கும். தமிழக அரசு 1.1.2019 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்துள்ளது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. பலர் அறியாத செய்தி ஒன்றும் உண்டு: பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. காகிதம் என்ற பெயரைக் கேட்டு மயங்கக் கூடாது. அலங்காரத் தெர்மாகோலையும் மத்திய அரசு 1.7.2022 முதல் விலக்கியுள்ளது. எனவே கடையில் தெர்மாகோல் குடில் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நாடுவது முறையன்று.

குடில் என்றால் என்ன? 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்னும் ஊரில், புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்பைக் காட்டும் காட்சியை அமைத்தார். வைக்கோலும், உயிருள்ள எருதும் கழுதையுமே அதன் அலங்காரம். அந்தப் புனிதரைத்தான் 1979-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். நம் ஊர்க் கரிசல் மண்ணும், வைக்கோலும், பனையோலையும் போதாவா, பாலன் இயேசு பிறக்க? கேழ்வரகையோ வெந்தயத்தையோ பத்து நாள் முன்னதாகச் சிறு தொட்டிகளில் விதைத்துவிட்டால் குடிலைச் சுற்றிப் பசும்புல் தானே எழும். மாரியம்மன் கோவிலுக்கு முளைப்பாரி வளர்க்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இக்கலையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அச்சகங்கள் நிறைந்த பகுதி இது. காகித நறுக்குகளுக்கும் பழைய காலண்டர் தாள்களுக்கும் பஞ்சமா? மூங்கில் குச்சியும் பசையும் இருந்தால் நட்சத்திரம் ஆயத்தம். பரிசுப் பொருளை மினுமினுக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றுவதைவிட, ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால், பெற்றவர் அதை ஆண்டு முழுவதும் வைத்திருப்பார். பனை ஏறுபவருக்கும் ஓலை முடைபவருக்கும் கூலி கிடைக்கும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், அவர்கள் வயிறார உண்ட பின், எதுவும் வீணாகாதபடி எஞ்சியவற்றைச் சேர்க்கச் சொன்னார் என்று புனித யோவான் எழுதுகிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐந்து அப்பத்தைப் பெருக்க வல்லவரே மிச்சத்தை எறியவில்லை. அப்படியிருக்க, நாள் முழுதும் வேலை செய்து பிழைக்கும் மக்கள் நடுவில் வாழும் நாம் இலையில் சோற்றை மிச்சம் வைத்து மூடலாமா? வருவோர் எத்தனை பேர் என்று கேட்டறிந்து சமைப்பதும், வேண்டிய அளவு பரிமாறுவதும், எஞ்சியதைக் கெடுமுன் பிறருக்கு வழங்குவதும் இல்லத்தரசியின் கடமை மட்டுமல்ல. உண்ணும் அனைவரின் கடமையுமாகும்.

இவற்றுக்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. "எவர்சில்வர் டம்ளரைக் கழுவ ஆள் எங்கே? தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் கழுவத் தண்ணீர் எங்கே?" என்பார்கள். நியாயமான கேள்விதான். சாப்பாட்டுக்கு வாழை இலை போட்டால் தட்டு கழுவும் வேலையே இல்லை. இலை மாட்டுக்கு ஆகும், அல்லது எருக்குழிக்கு ஆகும். டம்ளர் மட்டும் வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்தால் போதும். அதைக் கழுவிய நீரை வாழைக்கும் முருங்கைக்கும் பாய்ச்சலாம். ஆள் வேண்டுமென்றால், வீட்டுப் பெண்களை மட்டும் தேடாமல், உண்டு எழுந்த அண்ணன்மாரும் தம்பிமாரும் ஒரு கை கொடுக்கட்டும்! விழாவின் மகிழ்ச்சி அனைவருக்கும் உரியதானால், அதன் வேலையும் அனைவருக்கும் உரியதன்றோ?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், இந்த உலகை நம் பொது இல்லம் என்று அழைத்தார். நம் இல்லத்திற்கு விருந்தினரை அழைக்கும் நாள் அன்று, அந்தப் பெரிய இல்லத்தைக் குப்பையாக்குவது பொருந்துமா?

அன்புத் தோழியரே! சிறு துளி பெரு வெள்ளம். வருகிற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும் மூன்று செயல்களை மேற்கொள்வோம். தெர்மாகோல் இல்லாத குடில் அமைப்போம். எறியும் டம்ளர் இல்லாத விருந்து வைப்போம். கடைக்குச் செல்லும் கையில் மஞ்சள் பை எடுத்துச் செல்வோம். பட்டாசு செய்யும் கைகளுக்கு வேலையும், அதைப் பார்த்து மகிழும் கண்களுக்குத் தெளிந்த வானமும் சேர்ந்தே கிடைக்க வேண்டும். அதற்கு வழிகாட்டத் திருத்தங்கலைவிடத் தகுதியான ஊர் எது?