முழங்கால் வலியா? சீட்டைப் பாருங்கள்

வாளையாரிலிருந்து கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளுக்குப் புதிதாகச் சைக்கிள் மிதிக்கும் இளைஞர்கள், முழங்கால் வலிக்குத் தைலம் தேடுவதும் பின்னர் சைக்கிளையே கைவிடுவதும் வருந்தத்தக்கது. குறை பெரும்பாலும் காலில் இல்லை. சீட்டின் உயரத்தில் இருக்கிறது.

இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கிவிடுகிறோம். சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கி, முட்டிச் சில்லில் அழுத்தம் ஏறி முன்பக்கம் வலிக்கும். மிக உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும்.

அளவு எளிது. சுவரைப் பிடித்துச் சீட்டில் அமர்ந்து, கீழே நிற்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் மறக்கலாகாது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்தும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் வீசும். எதிர்காற்றில் அழுத்தி மிதிப்பது மூட்டுக்குப் பகை. கியர் இருந்தால் லேசானதற்கு மாற்றுங்கள். இல்லையேல் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை.

பூட்டும் மணியும் மாட்டித் தரும் கடைக்காரர்கள், வாங்குபவரை ஏற்றி உட்காரவைத்துச் சீட்டையும் அளந்து முடுக்கித் தர வேண்டும். அதற்கு வேண்டியது ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும்தான். அதன் பின்னும் வலியோ வீக்கமோ நீடித்தால் மருத்துவரை நாடுவதே நலம்.