அடுக்களையே வர்ணப்பெட்டி!

போடியிலே ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி என்னிடம் கேட்டாள்: "அக்கா, ரெண்டு வயசுப் பய அடுப்புக் கரிய எடுத்துச் செவரெல்லாம் கிறுக்கி வைக்கிறான். அடிச்சாலும் கேக்க மாட்டேங்கிறான். என்ன செய்ய?"

"அடிக்காதே, எடத்த மாத்திக் குடு" என்றேன்.

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை கிறுக்குவது குறும்பு இல்லை. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகுகிற பருவம் அது. தானாகச் சோறு அள்ளிச் சாப்பிடவும், சட்டைப் பொத்தான் போடவும், பின்னால் பென்சில் பிடிக்கவும் இந்தப் பழக்கமே துணை. ஆனால் இந்த வயதில் கையில் இருப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். ஆகவே நக்கினாலும் கெடுதல் வராத வர்ணமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கூழ் வர்ணம்

அரிசி மாவு இரண்டு கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். நாலு கொட்டாங்குச்சியில் பங்கிடுங்கள். ஒன்றில் பீட்ரூட் சாறு. இன்னொன்றில் வீட்டில் அரைத்த மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. மூன்றாவதில் ஒரு கொதி விட்டு அரைத்து வடிகட்டிய கீரைச்சாறு. நாலாவதில் வெந்நீரில் ஊறிய சங்குப்பூ இதழின் நீலத் தண்ணீர். நீலத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். பிள்ளைக்கு அதுவே பெரிய வித்தை! இந்தக் கூழ் அன்றன்றைக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கொட்டிவிடுங்கள்.

பிரஷ் எதற்கு?

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் தொட்டு வைத்தால் பூ விழும். வாழைத்தண்டு வட்டம் போடும். நம் ஊரில் இலவம் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிடி பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து நூலால் இறுக்கிக் கட்டினால் ஒத்தி எடுக்கும் பொட்டலம் தயார். பஞ்சை வெறுமனே கொடுக்காதீர்கள், மூக்கில் ஏறும். காகிதத்துக்கு, பழைய மாதக் காலண்டரின் பின்பக்கமே போதும்.

அம்மாச்சி, அப்பத்தாவிடம் பிள்ளையை விட்டுப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரும் ஈரத் துணியும் கொடுத்துச் சிமெண்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள். வரைவான், காயும், மறுபடி வரைவான். கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

கவனம்!

மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவந்தால் பதறாதீர்கள், மஞ்சளின் குணம் அது. அலசி வெயிலில் காயப்போட்டால் வெளிறிவிடும். பீட்ரூட்டை நிறைய நக்கிய பிள்ளைக்கு மறுநாள் மலம் சிவப்பாகப் போகலாம். அதுவும் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது சுண்ணாம்புக்குத்தான். 'ஆலத்தித் தண்ணி மாதிரி செவப்பு வருமே' என்று மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்துவிடாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளை பிதுக்கினால் நேரே கண்ணில் தெறிக்கும். கருவிழியையே வெந்துபோக வைக்கும். அப்படிப் பட்டுவிட்டால் எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக்கூடாது. இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு உடனே டாக்டரிடம் போங்கள். மெட்டில் இருப்பவர்கள் 17 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் போடிக்கு வரவேண்டும். அதனால் ஜீப் தேடி ஓடுமுன் கழுவுவதுதான் கண்ணைக் காக்கும்.

கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட், கலர் கோலப்பொடி இரண்டும் வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவை நம்ப முடியாது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சின்னஞ்சிறுசுகளின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதேபோல ஏலக்காய், நிலக்கடலை, மணி இவற்றை ஒட்டிப் படம் செய்யும் விளையாட்டை மூன்று வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்குழாயில் சிக்கிவிடும்.

பிள்ளை வரைந்து முடித்ததும் "இது என்னடா?" என்று குடையாதீர்கள். "சொல்லு சாமி" என்று கேட்டுப் பாருங்கள். கதையே வரும். தேதி போட்டு ஒரு தாளையாவது பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வீட்டு அடுக்களையில் வேறு என்ன நிறம் கிடைத்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்களேன்!