ஒரே மலை, இரண்டு ராணுவம்

போர் பற்றிப் படிக்க ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் இரண்டைச் சேர்த்துத்தான் சொல்வேன். ஒன்று, செபாஸ்டியன் யுங்கர் எழுதிய ‘வார்’. மற்றது, ஸ்வெத்லானா அலெக்ஸிவிச்சின் ‘ஸிங்கி பாய்ஸ்’. இரண்டும் ஆப்கானிஸ்தானில் சண்டை போட்ட அந்நியச் சிப்பாய்களைப் பற்றியவை. யுங்கருடையவர்கள் அமெரிக்கர்கள், அலெக்ஸிவிச்சுடையவர்கள் அவர்களுக்கு இருபது ஆண்டுகள் முன்பே அங்கே போய்வந்த சோவியத் பையன்கள்.

யுங்கர் 2007, 2008 ஆண்டுகளில் பலமுறை குனார் மாகாணத்தின் கொரெங்கல் பள்ளத்தாக்குக்குப் போய் ஒரு பிளாட்டூனோடு தங்கினார். மொத்தமே பத்து கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணை வெட்டி, மூட்டைகளில் நிரப்பி அடுக்கி ஒரு காவலரண் கட்டினார்கள். சண்டையில் செத்துப்போன தங்கள் மருத்துவ உதவியாளர் ரெஸ்ட்ரெப்போவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். குழாய்த் தண்ணீர் கிடையாது, இணையம் கிடையாது. நாலு நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்காவிட்டால், ஒரு சண்டை வந்தால் தேவலையே என்று ஏங்குகிற அளவுக்குச் சலிப்பு மட்டும் நிறைய உண்டு.

அங்கே ஒருநாள் மண்மூட்டையில் சாய்ந்து நின்ற யுங்கரின் முகத்தில் திடீரென மண் தெறிக்கிறது. தோட்டா ஒன்று பக்கத்து மூட்டையில் பாய்ந்திருக்கிறது. வெடிச்சத்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. தோட்டா ஒலியை முந்திக்கொண்டு வரும். சத்தம் கேட்டுக் குனியலாம் என்பதெல்லாம் சினிமாவில்தான். யுங்கர் அதோடு விடுவதில்லை. எங்கோ தொலைவில் இருந்து சுட்டவனின் துப்பாக்கி முனை எத்தனை இம்மி திரும்பியிருந்தால் தன் தலை போயிருக்கும் என்று கணக்குப் போடுகிறார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

பயம், கொலை, அன்பு என்று புத்தகத்துக்கு மூன்று பாகங்கள். மூன்றாவதுதான் அதன் உயிர். ஊர் திரும்பியவன் ஏன் அந்த நரகத்துக்கே மறுபடி போக நினைக்கிறான்? கொடிக்காகவோ கொள்கைக்காகவோ அல்ல. பக்கத்தில் படுத்திருப்பவன் தனக்காகச் சாகத் தயார், தானும் அவனுக்காகத் தயார் என்ற அந்த உறவு ஊரில் அவனுக்குக் கிடைப்பதில்லை. அவர்களோடு உண்டு உறங்கி, அவர்கள் காவலில் உயிர் பிழைத்திருக்கும் நிருபர் முழு நடுநிலையோடு எழுத முடியாது என்பதை யுங்கர் மறைக்கவில்லை. அங்கே எடுத்த காட்சிகளைக் கொண்டு டிம் ஹெதரிங்டனும் அவரும் 2010-இல் ‘ரெஸ்ட்ரெப்போ’ ஆவணப்படத்தை வெளியிட்டார்கள். மறு ஆண்டே ஹெதரிங்டன் லிபியாவில் மிஸ்ராட்டா சண்டையில் கொல்லப்பட்டார். படம் திரையரங்குகளுக்கு வருவதற்குள்ளாகவே அமெரிக்க ராணுவம் கொரெங்கலைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

அலெக்ஸிவிச்சும் ஆப்கானிஸ்தான் போய்வந்தவர்தான். ஆனால் அவர் புத்தகம் நிற்பது, திரும்பி வந்தவர்களும் வராதவர்களின் தாய்மார்களும் நர்ஸுகளும் சொன்னவற்றின் மீது. தொடக்கமே தூக்கிவாரிப் போடும். உயிரோடு திரும்பிவந்த மகன், வீட்டுச் சமையலறைக் கைக்கோடாலியால் ஒருவனைக் கொன்றுவிட்டான் என்று ஒரு தாய் சொல்கிறாள். 1979 டிசம்பர் முதல் 1989 பிப்ரவரி வரை நடந்த அந்தப் போரில் சுமார் 15,000 சோவியத் சிப்பாய்கள் செத்தார்கள். பையன்கள் அங்கே பாலம் கட்டுகிறார்கள், மரம் நடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்த துத்தநாகச் சவப்பெட்டியோ முத்திரையிட்டு மூடியிருந்தது, திறக்க அனுமதியில்லை. உள்ளே இருப்பது தன் பிள்ளைதானா என்றுகூடத் தெரியாமல் புதைத்தவர்கள் உண்டு. புத்தகம் வந்தபின், நாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார் என்று சில தாய்மார்களும் சிப்பாய்களும் மின்ஸ்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு விவரங்களையும் பிந்தைய பதிப்புகளில் சேர்த்துவிட்டார் அலெக்ஸிவிச். 2015-இல் நோபல் பெற்ற எழுத்தாளர் தன் மீதான குற்றச்சாட்டையும் வாசகரின் கையில் கொடுத்திருக்கிறார்.

வியட்நாம் பற்றிய மைக்கேல் ஹெரின் ‘டிஸ்பாட்சஸ்’ இந்த வகையின் தலைச்சன் பிள்ளை என்பார்கள். மொழி அபாரம். ஆனால் சில பாத்திரங்களும் பேச்சுகளும் தன் கற்பனை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் சொன்ன இரண்டு புத்தகங்களுக்கும் ஒரே குறைதான். யாருடைய மண்ணில் சண்டை நடந்ததோ, அந்த ஆப்கானியர்கள் ஓரத்தில்தான் தெரிகிறார்கள். அதற்கு ஆனந்த் கோபாலின் ‘நோ குட் மென் அமாங் தி லிவிங்’ இருக்கிறது. ஒரு தாலிபான் தளபதி, அமெரிக்கா வளர்த்த ஓர் உள்ளூர்ப் பெரும்புள்ளி, ஒரு குடும்பத்துப் பெண் ஆகிய மூவரின் வாழ்க்கை வழியே, யுங்கர் எழுதிய அதே போரைக் காட்டுகிறது.

யுங்கரை முதலில் படியுங்கள். அலெக்ஸிவிச்சை முதலில் படித்தால், யுங்கரின் பையன்கள் மீது பிரியம் வைக்க மனம் ஒப்பாது. அந்தப் பிரியம் இல்லாதவர்களுக்கு, இத்தனை துத்தநாகப் பெட்டிகளைப் பார்த்த பின்னும் அடுத்த படைக்கு ஆள் எப்படிக் கிடைக்கிறது என்பது விளங்கவே விளங்காது.