மாட்டுக்குப் பல்லைப் பாக்கலாம், டைமிங் பெல்ட்டுக்கு?

போன பங்குனி. முந்திரிக்கொட்டை பொறுக்குற மும்முரம். விடிகாலை நாலரை மணிக்கு, பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு அண்ணன் வந்து கதவைத் தட்டினாரு. எங்க தெருவுல இருக்கிற ஒரே கார் என்னோடதுதான். சென்னையில ஒருத்தர் எட்டு வருஷம் ஓட்டிட்டு வித்த டீசல் கார், புரோக்கர் கை மாறி எங்கிட்ட வந்துச்சு. கம்பெனி பேரு வேண்டாம், தப்பு அதோடது இல்ல.

108 வர்றதுக்குள்ள நாமே போயிடலாம்னு கிளம்பினோம். செந்துறை தாண்டி அரியலூர் ரோட்டுல போய்க்கிட்டிருக்கும்போது ‘டக்’னு ஒரு சத்தம், இஞ்சின் நின்னுபோச்சு. அதுக்கு முன்னாடி ஒரு முனகல் இல்ல, புகை இல்ல, சூடு முள்ளும் ஏறல. சாவியைத் திருப்பினா செல்ப் வழக்கத்தை விட வேகமா, லேசா சுத்துது, ஆனா வண்டி எடுக்கல. பின்னாடி வந்த சுண்ணாம்புக்கல் லாரியிலேருந்து ரெண்டு பேரு இறங்கி வந்து, “செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளுங்கண்ணே, எடுத்துக்கும்”னாங்க. தள்ளினோம். எடுக்கல. கடைசியில அந்தப் பக்கம் வந்த லோடு ஆட்டோவுல பெரியம்மாவை உக்கார வெச்சு ஜி.எச்.சுக்கு அனுப்பினோம். ரெண்டு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. இப்ப நல்லா இருக்காங்க.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போனேன். மெக்கானிக் நடந்ததைக் கேட்டதுமே சொல்லிட்டாரு: “செல்ப் லேசா சுத்துச்சுன்னா உள்ள அழுத்தம் இல்லன்னு அர்த்தம் தம்பி. அதுக்கு மேல சாவியைத் தொடக்கூடாது, தள்ளவும் கூடாது. தள்ளத் தள்ள சேதம்தான் கூடும்.” மேல் கவரைக் கழட்டினா பெல்ட் அறுந்து சுருண்டு கிடக்குது. டென்ஷனர் போல்ட்டுல கம்பெனியில வெச்ச பெயிண்ட் குறி அப்படியே இருந்துச்சு. “இதுல யாரும் கையே வெச்சதில்ல”ன்னாரு. மீட்டர்ல 1,12,000 கிலோமீட்டர்.

டைமிங் பெல்ட் வேற ஒண்ணுமில்ல, உள்பக்கம் பல்லு வெச்ச ரப்பர் பட்டை. கீழே கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா மேலே கேம் ஒரு சுத்து சுத்தணும். கேம்தான் வால்வுகளைத் திறந்து மூட வைக்குது. பிஸ்டன் மேலே வர்ற நேரத்துல வால்வு வழியை விட்டு விலகியிருக்கணும். பெல்ட் அறுந்தா கேம் நின்னுடும், ஆனா ஓடின வேகத்துல கிராங்க் இன்னும் சுத்தும். திறந்தபடி நின்ன வால்வு மேல பிஸ்டன் போய் முட்டும். சில பெட்ரோல் இஞ்சின்ல முட்டாத அளவுக்கு இடம் இருக்கும், பெல்ட் மாத்தினாப் போதும். டீசல்ல அந்த இடமே இல்ல. செயின் வெச்ச கார்களும் இருக்கு. அது தேஞ்சா பெரும்பாலும் கரகரன்னு சத்தம் குடுத்துச் சொல்லும். பெல்ட் சொல்லாது.

“புது பெல்ட் மட்டும் போட்டுப் பாப்போமே, செலவு மிச்சம்”னு கேட்டேன். அவரு ஒத்துக்கல. ஹெட்டை இறக்கித் தலைகீழா வெச்சு, வால்வு மேல மண்ணெண்ணெய் ஊத்திக் காட்டினாரு. பல இடத்துல நிக்காம ஒழுகுச்சு. வால்வைக் கழட்டிக் கண்ணாடி மேல உருட்டினா நொண்டி நொண்டி ஓடுது. எட்டுல ஆறு வளைஞ்சிருந்துச்சு. பிஸ்டன் தலையில பிறை மாதிரி தடம். நல்லவேளை, அது உடையல. வால்வு, கைடு, ஹெட் கேஸ்கட், பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசு. குறிகளைச் சேத்து வெச்சு, ஸ்பேனர் போட்டுக் கையால கிராங்கை ரெண்டு சுத்து சுத்தி, எங்கயும் தட்டலன்னு பாத்த பிறகுதான் சாவியைத் திருப்பினாரு. மொத்தம் 31,000 ரூபா. காலத்துல பெல்ட் மாத்தியிருந்தா 6,000ல முடிஞ்சிருக்கும்.

தப்பு யாரோடது? முதல் பங்கு என்னோடது. எங்க டிராக்டர்ல கேமைச் சுத்துறது கியர், அறுந்துபோக அதுல ஒண்ணுமில்ல. தேய்மானம் வந்தா சத்தம் மாறும், புகை நிறம் மாறும். அப்படியே பழகின புத்தி, “சத்தம் வந்தா பாத்துக்கலாம்”னு இருந்துட்டேன். சத்தமே வராத சாமானை நாள் கணக்கு வெச்சுத்தான் மாத்தணும். பல வண்டிகளுக்கு 60,000லேருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா அஞ்சாறு வருஷத்துல, எது முதல்ல வருதோ அப்ப மாத்தணும். உங்க வண்டிக் கணக்கை அதோட கையேட்டுல பாருங்க. ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் ரப்பருக்கு வயசாகும்.

ரெண்டாவது பங்கைப் பத்தித்தான் நகரத்துல இருக்கிற உங்ககிட்ட பேசணும். ஏழெட்டு வருஷம் ஓட்டிட்டு நீங்க விக்கிற கார் எங்கயும் மாயமாப் போயிடுறதில்ல. எங்கள மாதிரி ஊருக்குத்தான் வருது. உங்க வீட்டுல அது ஆபீசுக்குப் போற கார். இங்க அது பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ராத்திரியில ஓடுற கார். ஆர்.சி. புக்கும் இன்சூரன்சும் கைமாறுது, சர்வீஸ் நோட்டு மட்டும் எங்கயோ விட்டுப்போகுது. ‘வாங்குறவன்தானே பாத்து வாங்கணும்’னு சொல்லுவீங்க. சந்தையில மாடு வாங்கும்போது பல்லைப் பிடிச்சுப் பாத்து வயசு சொல்லிடுவோம். இந்தப் பெல்ட்டுக்கும் பல்லு இருக்கு, ஆனா கவருக்குள்ள இருக்கு. கழட்டிப் பாத்தாக்கூட நாளைக்கு அறுக்கப்போறதும் நல்லாத்தான் தெரியும். மாட்டுக்காரன்கூட எத்தனாவது ஈத்து, எந்தக் காம்பு அடைப்புன்னு சொல்லித்தான் விப்பான். சொல்லாம வித்தா அடுத்த வாரம் சந்தையில தலை காட்ட முடியாது.

அதனால ரெண்டு விஷயம். காரை விக்கும்போது சர்வீஸ் நோட்டையும் பில்லையும் சேத்துக் குடுங்க. பெல்ட் மாத்தலன்னா “மாத்தல”ன்னு சொல்லிடுங்க, விலையில ஆறாயிரம் குறைச்சுக்கிட்டாலும் பரவால்ல. வாங்குறவங்க, கையில பில் இல்லன்னா பெல்ட் மாத்தலன்னே வெச்சுக்கிட்டு முதல் வாரமே மாத்திடுங்க.

என் கார் பானட்டுக்கு உள்பக்கம் இப்ப ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. பெல்ட் மாத்தின தேதி, 1,12,000, அடுத்து எப்பன்னு பெயிண்ட் பேனாவுல எழுதியிருக்கேன். நாளைக்கு இதை யாருக்கு வித்தாலும் அந்தச் சீட்டோடதான் போகும்.