ஓங்கி ஒலிப்பதும் ஒத்து ஒலிப்பதும்

பாடலொன்றைப் பதிவுசெய்து வெளியிடுதற்கு நகரத்துப் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தையே நாடவேண்டியிருந்த காலம் கழிந்துவிட்டது. இன்று ஒரு கணினியும் ஒரு மைக்கும் ஒரு ஹெட்போனும் இருப்பின் வீட்டறையே கூடமாகிவிடுகின்றது. நம் மாணாக்கர் பலர் தாமே பாட்டெழுதி, தாமே இசையமைத்து, தாமே பதிவுசெய்து உலகறிய வெளியிடுகின்றனர். இது மகிழ்தற்குரியது. எனினும் அப்பாடல்கள் பலவற்றிலே காணப்படும் குறை ஒன்றுண்டு. அதனை நான் அறிய நேர்ந்தது என் சொந்தப் பிழை ஒன்றினாலேயாம்.

சில திங்களுக்கு முன் என் பழைய மாணாக்கர் ஒருவர் தாம் வீட்டிலே பதிவுசெய்த பாடலைக் கொண்டுவந்து, “ஐயா, உச்சரிப்பிலே பிழை ஏதும் உண்டோ என்று கேட்டுச் சொல்லுங்கோ” என்றார். கேட்டேன். ‘மழை’ என்னும் சொல் வந்த இடமெல்லாம் என் செவிக்கு ‘மளை’ என்றே பட்டது. “தம்பி, பாடிய பிள்ளைக்கு ழகரம் வரவில்லை, முதலில் அதைப் பழக்கும்” என்று கடிந்துரைத்தேன். அவர் எதிருரை கூறாது, கருவியிசை அனைத்தையும் நிறுத்திவிட்டு அப்பெண்ணின் குரலை மாத்திரம் தனியே ஒலிக்கச் செய்தார். ழகரம் பழுதின்றி நின்றது. குற்றம் பாடியவள் நாவிலன்று. குரலையும் கருவிகளையும் சேர்த்த கலவையிலே கிடந்தது. குற்றமற்ற ஒரு பிள்ளையைக் குறைகூறிய நாணமே என்னை இவ்விடயத்தை ஆராயத் தூண்டிற்று.

பல ஒலிகளை அளவறிந்து சேர்த்தலை ‘மிக்சிங்’ என்றும், சேர்த்ததனை வெளியீட்டுக்கு ஏற்ப இறுதியாகச் செப்பஞ்செய்தலை ‘மாஸ்டரிங்’ என்றும் இளைஞர் வழங்குவர். ல, ள, ழ என்பவற்றை வேறுபடுத்தும் நுண்மைகள் பெரும்பாலும் விநாடிக்கு 1,000 முதல் 3,000 வரையான அதிர்வுகளின் எல்லையிலே அமைவன. கீபோர்ட்டும் கிற்றாரும் வயலினும் அவ்வெல்லையிலேயே நிறைந்து ஒலிப்பன. ஒரே இடத்தில் இரண்டு ஒலிகள் போட்டியிடின் வலியது மெலியதை மறைக்கும். அவ்வாறே கருவிகள் அப்பெண்ணின் ழகரத்தை விழுங்கின.

“கருவிகளைச் சற்றே தாழ்த்தலாகாதோ?” என வினவினேன். “தாழ்த்தினால், மற்றவர்களின் பாட்டுக்குப் பக்கத்திலே எங்கட பாட்டு மெலிஞ்சு கேக்கும், ஐயா” என்றார். நோயின் மூலம் அவ்விடையிலே தெரிந்தது.

1982 இல் விற்பனைக்கு வந்த சீடீ தட்டிலும் பின்வந்த எண்முறைப் பதிவுகளிலும் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குமேல் ஏறவியலாது. ஏறவியலாத இடத்திலும் ஓங்கி ஒலிக்க விரும்பியோர் ஓர் உபாயம் கொண்டனர். ‘லிமிற்றர்’ என்னும் கருவியால் உயர்ந்த முகடுகளை அமுக்கிப் பின் அனைத்தையும் ஒருங்கே உயர்த்தினர். பள்ளமும் மேடும் ஒன்றாயின. 1990 களிலிருந்து பெருகிய இப்போட்டியை ‘ஒலியுரப்புப் போர்’ என்னலாம். 2008 இல் மெற்றாலிக்கா என்னும் அமெரிக்க இசைக்குழு வெளியிட்ட ‘டெத் மக்னெற்றிக்’ தொகுப்பு அளவிறந்து உரப்பப்பட்டு ஒலி சிதைந்தமையால், அக்குழுவின் அன்பர்களே ஆயிரக்கணக்கில் ஒப்பமிட்டு மீளச் செப்பஞ்செய்யுமாறு வேண்டினர். நூலின் எல்லா வரிகளுக்கும் கீழே கோடிட்ட மாணவன் எவ்வரிக்கும் கோடிடாதவனே ஆவான். எல்லாம் ஓங்கிய பாட்டும் அத்தகையதே.

உரத்தது நல்லதெனத் தோன்றுவது செவியின் மயக்கம். ஒரே பாடலைச் சிறிதளவு உயர்த்தி ஒலித்தால், அதுவே சிறந்ததென்பர் கேட்போர். பிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு வேறோர் உண்மையையும் விளக்கிற்று. ஒலி மெலியுந்தோறும் தாழ்ந்த சுருதி ஒலிகளைச் செவி மிகக் குறைவாகவே உணரும். ஆதலின் உரக்கக் கேட்டுக் கலவை செய்பவன் தாழ்சுருதி போதும் என்று எண்ணுவான். அப்பாடலைப் பிறர் மெல்லக் கேட்கும்போது அது வெறுமையாய்த் தோன்றும். சீமெந்துச் சுவர் சூழ்ந்த சிற்றறையோ சில தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கியும் சிலவற்றைக் குறைத்தும் காட்டி மேலும் மயக்கும்.

இப்போட்டியால் இன்று பயனுமில்லை. ஒலியுரப்பை அளக்கும் பொதுமுறையொன்றைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வகுத்தது. அவ்வழியே இணைய இசைச்சேவைகள் பாடல்களை ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பொட்டிஃபை இயல்பாகக் கொள்ளும் அளவு கழித்தல் 14 எல்.யூ.எஃப்.எஸ், மிகுந்ததை அது தாழ்த்திவிடும். யூரியூப்பும் மிகுந்ததைத் தாழ்த்துகின்றது. எனவே அமுக்கி உரப்பிய பாடல் உரப்பையும் இழந்து உயிர்ப்பையும் இழந்து நிற்கும்.

இந்நெறி நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் கூறுங்கால், பிற கருவிகளின் குறையை நிரப்பவும் மிகையை அடக்கவும் வல்லவனாய், தன் ஒலி மிகாதவாறு வாசிப்பவனையே போற்றுகின்றது. முழக்க வல்லவனிடத்து அடங்குந் திறனையே அடிகள் நாடினார். ஈழம் தந்த விபுலாநந்த அடிகளார் 1947 இல் அரங்கேறிய யாழ்நூலுக்கு நிலைக்களனாகக் கொண்டதும் அக்காதையே. அதனைப் பாடங் கேட்ட நம் மாணாக்கர் கணினியின் முன் அமரும்போது அதை மறந்துவிடுதல் தகுமோ?

ஆகவே இளைஞர்க்குச் சில கூறுவேன். இருவர் இயல்பாக உரையாடும் அளவிலேயே ஒலியை வைத்துக் கலவை செய்க. குரல் கேட்கவில்லையெனில் உடனே அதனை உயர்த்தற்க. மறைப்பது எதுவென்று தேடி, அவ்வெல்லையில் அதனைச் சிறிது தாழ்த்துக. பிறர் பாடலோடு ஒப்பிடுங்கால் இரண்டையும் சம உரப்பில் வைத்தே ஒப்பிடுக. ஹெட்போனோடு அமையாது, கைத்தொலைபேசியிலும் சிறு வானொலிப் பெட்டியிலும் கேட்டுப் பார்க்க. செவி களைத்தபின் தீர்மானஞ் செய்யாது, மறுநாட் காலையில் மீண்டும் கேட்க.

இறுதியாக, பள்ளிக்கூடத்துப் பழைய சோதனை ஒன்று: பாட்டை முன்னறியாத ஒருவரை இருத்தி, பாடலை ஒலிக்கவிட்டு, கேட்டவற்றைச் சொல்வதெழுதலாக எழுதுவிக்க. அவர் எழுதியதில் நேரும் பிழைகள் பலவும் நும் கலவையின் பிழைகளே. கடல்கடந்து வாழும் நம் பிள்ளைகள் பலர்க்குத் தமிழொலி செவியிற் புகும் வாயில் பாட்டாகவே உள்ளது. கலவை விழுங்கிய ழகரத்தை அவர்கள் எங்ஙனம் கற்பர்?

அம்மாணாக்கர் கீபோர்ட்டை 3 டெசிபெல் தாழ்த்தி, லிமிற்றரைத் தளர்த்தி, அடுத்த கிழமை மீண்டும் வந்தார். எழுதுகோலோடு அமர்ந்து கேட்டேன். ‘மழை’ என்றே எழுதினேன். பாடிய பிள்ளையிடம் என் பிழையைப் பொறுக்குமாறு சொல்லியனுப்பினேன்.