பூச்செடியும் காணி உறுதியும்

லயத்து வாசலில் பூச்செடி வளர்ப்பது ஆடம்பரம் என்று கருதுவோர் மலையகத்தில் இன்னும் பலர். பூ, துரை பங்களாவுக்கு உரியது. தொழிலாளியின் கையகல நிலத்துக்குக் கோவாவும் லீக்ஸும் போதும். புழு வந்தால் மருந்துப் போத்தல் இருக்கிறது என்பது அவர்தம் கட்சி. படித்தோர் சிலரும் இதற்குத் தலையசைக்கின்றனர். இக்கருத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அக்கரப்பத்தனைக்கு அண்மையிலுள்ள தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாறே போதும். தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை ஒடுக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அது புழுவின் உடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். தோட்டங்களின் பெருநட்டம் தணிந்தது. பின்னர், 1950களின் பிற்பகுதியில், தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. குளவி மடிந்தது, அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் தலைதூக்கியது. பகைவனைக் கொல்லப் போன நஞ்சு காவற்காரனைக் கொன்றது.

கம்பனியின் தேயிலைக்குக் காவல் வேண்டுமெனில், தொழிலாளியின் கோவாப் பாத்திக்கு வேண்டாமா?

அதற்குப் பெருஞ்செலவு இல்லை. இத்தகைய குளவிகளின் வாய் மிகக் குறுகியது. ஆழமான பூவில் அவற்றால் தேனெடுக்க இயலாது. எனவே அடுக்கு ரோசா கண்ணுக்கு விருந்தேயன்றி அவற்றுக்கு உணவாகாது. கொத்தமல்லி, பெருஞ்சீரகம், பிடுங்காமல் பூக்கவிட்ட ஓரிரு கரட் ஆகியவற்றின் குடைபோல் விரியும் சிறு பூக்களே அவற்றின் உணவுச்சாலை. பூவின் மேல் அந்தரத்தில் நிற்கும் ஈக்களும் அங்கே வரும். அவற்றுள் பலவற்றின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை. பாத்தியின் முனையில் ஒரு சாண் இடம் போதும். ஒன்று ஓயுமுன் மற்றொன்று பூக்குமாறு விதைத்தல் வேண்டும். வெட்டாது விட்ட ஒரு முள்முருக்கு பூத்தால் தேன்சிட்டு வரும். தன் குஞ்சுக்கு அது பூச்சியையும் சிலந்தியையுமே ஊட்டுகிறது.

ஆனால் மரம் நட நிலம் யாருடையது? நாளை பறிபோகலாம் என்ற நிலத்தில் மூன்று மாதப் பயிரையன்றி வேறெதை ஒருவர் நடுவார்? காத்திருக்க இயலாதவர் கையில் மருந்துப் போத்தல் ஏறுவதில் வியப்பென்ன? 2015இன் பின்னர், தனி வீட்டோடு 7 பேர்ச்சஸ் காணி, அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி, என்பது அரசின் வாக்காயிற்று. பெற்றவர் உளர், லயத்திலேயே காத்திருப்போர் அவரினும் பலர்.

2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே ஆணையால் தடைசெய்த அரசு, அவ்வாண்டு முடியுமுன்னரே பின்வாங்கியதைச் சுட்டி நம்மை மறுப்போர் உண்டு. அது இயற்கையின் தோல்வியன்று. உழுபவனுக்கு அறிவும் அவகாசமும் அளிக்காத அதிகாரத்தின் தோல்வி. நாம் கேட்பது ஆணையன்று, அவ்விரண்டையுமே.

ஆசிரியர்களே, மாணவர்களே! பள்ளித் தோட்டத்தில் கொத்தமல்லியைப் பூக்கவிடுவோம். அதனை நாடி வரும் உயிர்களை மாணவர் எண்ணிக் குறிக்கட்டும். கண்டதை லயத்துக்குக் கொண்டு செல்லட்டும். தேயிலையைக் காத்த விஞ்ஞானம் தேயிலை பறிப்போரின் பாத்திக்கும் வந்து சேரட்டும். அதே மூச்சில் காணி உறுதியையும் கேட்போம். உறுதி கைக்கு வரும்வரை கேட்போம்.