வரப்போரத்துப் பூக்கள்

குற்றாலத்தில் சாரல் விழும் காலத்தில் பாவூர்சத்திரத்தைக் கடந்து செல்லும் வண்டிகள் எல்லாம் இப்பொழுது அருவியை மட்டும் நாடிச் செல்வதில்லை. ஆடி மாதத்தை ஒட்டிச் சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி மலர்ந்துவிட்டால், அதைக் காணவும் அதன் நடுவே நின்று படம் பிடித்துக்கொள்ளவும் ஜனங்கள் குடும்ப சகிதம் வந்து இறங்குகிறார்கள். பொன்னை விரித்தாற்போன்ற அக்காட்சியைக் கண்டு மகிழாதார் யார்? அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் சூரியகாந்தி வட அமெரிக்காவிலிருந்து வந்த பயிர், எண்ணெய்க்காக விதைக்கப்படுவது. அதைக் காண வந்தவர்களின் காலடியில், வரப்போரத்தில், மிதிபடும் சிறு மஞ்சட்பூவோ நம் மண்ணுக்கே உரிய நெருஞ்சி. கதிரவனை அது எதிர்கொள்ளும் அழகைப் புறநானூற்றுப் புலவர் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். அதற்கு முள் உண்டு. ஆகவே அதனோடு நின்று படம் பிடித்துக்கொள்வார் இல்லை!

இவ்வட்டாரத்துக் காட்டுப்பூக்களைக் காண மலை ஏற வேண்டும் என்பதில்லை. குளத்தங்கரையில் ஆவாரையும் எருக்கும் உண்டு. மழைக்குப்பின் தரிசு நிலமெங்கும் தும்பை வெளுத்துக் கிடக்கும். பொங்கலுக்கு நாம் தேடும் சிறுபீளை வயலோரத்திலேயே வளர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வேலிகளின்மேல் செங்காந்தள் தீச்சுடர்போல் படர்ந்திருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுவே. அதன் கிழங்கு கொடிய விஷம்; குழந்தைகள் தொடாமல் பார்த்து மகிழட்டும்.

இச்செடிகளின் அருமையை அறிந்து பிறர் கடல் கடந்து வந்தனர். ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் 1830-களில் குற்றாலத்தில் செடிகளைச் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாக அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரச் சித்திரங்களுக்குத் தூரிகை பிடித்தவர்களோ ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டுச் சித்திரக்காரர்கள். ஒவ்வோர் இதழையும் அவர்கள் எத்துணைப் பொறுமையுடன் நோக்கியிருக்க வேண்டும்!

அந்த நோக்கு நமக்கு இல்லாமற்போனதன் விளைவு கண்கூடு. உயிர்வேலியை வெட்டி முள்கம்பி கட்டுகிறோம்; வரப்பிற் களைக்கொல்லி தெளிக்கிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் எஞ்சிய இடத்தைப் பற்றிக்கொள்கின்றன. பெயர் தெரியாத பூ அழிந்தால், அழிந்தது இன்னதென்று சொல்வதற்கும் ஆள் இராது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார். நம் வகுப்பில் பத்துப் பூவின் பெயரைத் தயங்காமற் சொல்லும் பிள்ளைகள் மிகச் சிலரே. பாட்டிமார் இருக்கும் வீடுகளில் இக்குறையை நீக்குவது எளிது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாட்டியையும் குழந்தைகளையும் குளத்தங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.